ஒரு பாட்டில் தண்ணீர் ஓராண்டைச் சொல்லுமா?

குன்னூரை ஒட்டிய ஒரு மலைக்கிராமத்தில் எங்கள் பள்ளி இருக்கிறது. மேலே தேயிலைத் தோட்டம், நடுவில் பள்ளி, கீழே லைன் வீடுகள். பள்ளிக்கும் வீடுகளுக்கும் இடையே ஒரு சிற்றோடை. பிள்ளைகள் தினமும் இரண்டு முறை அதைத் தாண்டித்தான் வந்து போகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், எட்டாம் வகுப்புக்கு நீர் மாசுபாடு பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். பாடத்தோடு ஒரு செயல்பாடும் இருக்கட்டும் என்று பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துப் போனேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் எடுத்தோம். கண்ணாடிபோல் இருந்தது. முகர்ந்து பார்த்தோம், வாடை இல்லை. லிட்மஸ் தாளிலும் நிறமாற்றம் தெரியவில்லை. வகுப்புக்குத் திரும்பி ஒரு சார்ட் எழுதினோம். அதன் தலைப்பு: ‘நம் ஓடை தூய்மையானது’. அறிவியல் கண்காட்சியில் அதை எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் அந்த வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் எங்கே குடிப்பாய் என்று மருத்துவர் கேட்டாராம். “விளையாடிட்டு வரும்போது ஓடையில குடிப்பேன் டீச்சர்” என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான்: “சுத்தம்னு நாமதானே எழுதினோம்!”

நோய் அந்த ஓடையிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்ற நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தது எங்கள் சார்ட். அதை எழுத வைத்தவள் நான்.

அவன் தேறிப் பள்ளிக்குத் திரும்பினான். நான் அந்தப் பாடத்தைத் திரும்பவும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. அப்படிக் கற்றதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அதே இடம், வேறு தண்ணீர்

மார்ச் மாதம் அதே வகுப்பை அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். ஓடை பாதிகூட இல்லை. கற்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நீர் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரங்களில் நுரை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

“யாரோ புதுசா சாக்கடையைத் திறந்து விட்டுட்டாங்க டீச்சர்” என்றான் ஒருவன். எல்லாரும் அதையே சொன்னார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று கரையோரமாக மேலே நடந்தோம். வீடுகளின் குளியலறை, சமையலறைக் குழாய்கள் ஓடையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு செப்டிக் டேங்கின் கசிவும் தெரிந்தது. ஆனால் புதிதாக எதுவும் இல்லை. குழாய்களின் வாயில் பழைய பாசி கறுத்துப் படிந்திருந்தது. டிசம்பரிலும் இவை எல்லாம் இங்கேதான் இருந்திருக்கின்றன.

ஆக, அழுக்கு அதேதான். தண்ணீர் மட்டும் எப்படி வேறாயிற்று? அன்று மாலை முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

விடை கணக்குப் பாடத்தில் இருந்தது

மறுநாள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். எண்கள் எளிமைக்காக நாங்களே வைத்துக்கொண்டவை.

வீடுகளிலிருந்து நொடிக்கு 1 லிட்டர் கழிவுநீர் ஓடையில் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லிட்டரில் உள்ள மட்கும் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு 200 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். இதைத்தான் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்கிறோம். தேவை கூடினால் மாசும் கூடுதல் என்று பொருள்.

கோடையில் ஓடையில் நொடிக்கு 9 லிட்டர் நல்ல நீர் வருகிறது. கழிவோடு சேர்த்து 10 லிட்டர். 200-ஐ 10-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 20 மில்லிகிராம்.

மழைக்காலத்தில் நொடிக்கு 199 லிட்டர் நல்ல நீர் வருகிறது. கழிவோடு சேர்த்து 200 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், வெளியிடங்களில் குளிப்பதற்கு ஏற்ற நீரில் இந்த அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. நம் கணக்குப்படி மழைக்கால ஓடை இந்தத் தேர்வில் பாஸ், கோடைக்கால ஓடை ஃபெயில். கழிவு ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, கூடவுமில்லை.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ மழைக்காலத்துல அழுக்கு எங்க டீச்சர் போகுது?”

நல்ல கேள்வி. அதற்கும் கணக்குப் போட்டோம். இரண்டு காலத்திலும் நொடிக்கு 200 மில்லிகிராம். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். பெருக்கினால் 17 கிலோவைத் தாண்டுகிறது. கோடையானாலும் மழையானாலும் நாளொன்றுக்கு இவ்வளவு சுமை ஓடையில் இறங்குகிறது. மழைக்காலத்தில் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

செறிவு வேறு, சுமை வேறு. ஒரு லிட்டரில் எவ்வளவு இருக்கிறது என்பது செறிவு. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு போகிறது என்பது சுமை. ஆற்று மாசைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘மழை வந்தது, ஆறு சுத்தமானது’ என்று சொல்லிவிடுகிறோம். மழை அழுக்கை நீர்க்கச் செய்கிறது, கீழே தள்ளிவிடுகிறது. அழுக்கின் வரவை அது நிறுத்துவதில்லை.

எங்கள் நீர் நாட்காட்டி

அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். மாதத்துக்கு ஒரு முறை, அதே பாறை, அதே காலை நேரம். பன்னிரண்டு மாதம் பார்த்தபின்தான் எதையும் எழுதுவது. ஓராண்டில் நாங்கள் கண்டதை நீலகிரியின் பருவங்களோடு சேர்த்துச் சொல்கிறேன்.

ஜனவரி, பிப்ரவரி: மழை நின்றுவிடுகிறது. உதகைப் பக்கம் உறைபனி விழும் நாட்கள். ஓடையில் வருவது ஊற்று நீர் மட்டுமே. ஓட்டம் குறையக் குறையச் செறிவு ஏறுகிறது. ஆனாலும் வாடை அதிகமில்லை. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்வதே காரணம். மூக்கை மட்டும் நம்பினால் இந்த மாதங்களில் ஏமாந்துபோவோம்.

மார்ச் முதல் மே வரை: ஓட்டம் மிகக் குறைவு, வெயிலும் ஏறுகிறது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் அழுகிய முட்டை நாற்றம். நீலகிரிக்கென்று இன்னொன்றும் இந்த மாதங்களில் சேர்ந்துகொள்கிறது. ஏப்ரலும் மேயும் சுற்றுலாப் பருவம். மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான். கூட்டத்தை அளவறிந்து சமாளிக்கச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையே வந்திருக்கிறது. சமவெளி நகரங்களில் கோடை விடுமுறையில் பலர் வெளியூர் போய்விடுவார்கள். அவர்கள் வந்து சேரும் இடம் எங்கள் மலை. ஆற்றில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் அதே வாரங்களில் கழிவு மிக அதிகமாக உருவாகிறது. மேலே போட்ட கணக்கில் வகுக்கும் எண் சிறுத்து, வகுபடும் எண் பெருக்கிறது.

கோடையின் முதல் மழை: ஆண்டிலேயே மிகக் கறுப்பான நீரை எந்த நாளில் பார்த்தோம் தெரியுமா? வறண்ட நாளில் அல்ல, முதல் கோடை மழைக்கு மறுநாள். மாதக்கணக்கில் சாலையிலும் சாக்கடையிலும் சரிவுகளிலும் சேர்ந்த எண்ணெய், சாணம், குப்பை, மட்கிய இலை எல்லாம் ஒரே மணி நேரத்தில் ஓடையில் இறங்கிவிடுகின்றன. இதை முதல் அலசல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். துணியைத் துவைக்கும்போது முதல் தண்ணீர்தானே மிகக் கறுப்பாக வரும் என்றதும் புரிந்துகொண்டார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: நீலகிரி முழுவதற்கும் ஒரே பருவம் இல்லை என்பது இங்கேதான் தெரிகிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தைப் புரட்டிப் போடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அதே நாட்களில் கிழக்குப் பக்கமுள்ள குன்னூரில் பெரும்பாலும் சாரலும் மூடுபனியும்தான். கூடலூர் ஓடைகள் பொங்கி ஓடும்போது எங்கள் ஓடை சுமாராகத்தான் இருக்கிறது. ஆகவே என் நாட்காட்டியை அப்படியே எடுத்துக் கூடலூர் ஆசிரியர் தன் ஊருக்கு மாட்டிவிட முடியாது. அவர் தனக்கென்று ஒன்று தயாரிக்க வேண்டும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை: பூஜை விடுமுறையை ஒட்டி இரண்டாம் சுற்றுலாப் பருவம். தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இதுதான் பெருமழைக் காலம். ஓடை செம்மண் நிறத்தில் இரைந்து ஓடுகிறது. சாக்கடை வாடை இல்லை, ஆனால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் சேறு படிகிறது. கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் பயிரிடும் செங்குத்தான நிலங்களின் மேல்மண் இது. தனியாக வருவதுமில்லை, நிலத்தில் போட்ட உரத்தையும் தெளித்த பூச்சிமருந்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கோடை மாசு குழாய் வழியாக வருகிறது, கைகாட்டிவிடலாம். மழைக்கால மாசு மொத்தச் சரிவிலிருந்தும் வருகிறது, இந்த இடம் என்று கைகாட்ட முடியாது.

டிசம்பர்: மழை விட்டிருக்கிறது. சேறு அடங்கிவிட்டது. ஊற்றுகளில் நீர் நிறைய இருப்பதால் ஓட்டமும் குறையவில்லை. ஓராண்டிலேயே ஓடை மிகத் தெளிவாகத் தெரியும் வாரங்கள் இவை. முதல் முறை நாங்கள் பாட்டிலோடு போனதும் இந்த வாரங்களில்தான்!

ஓடும் நீரும் நிற்கும் நீரும்

நாட்காட்டி பாதி நிறைந்திருந்தபோது ஒரு மாணவன், “ஊட்டி ஏரியிலயும் இப்படித்தானா டீச்சர்?” என்று கேட்டான். ஒப்பிடுவதற்கு ஏற்ற இடம்தான்.

உதகை ஏரி இயற்கையானது அல்ல. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில், மலையோடைகளின் நீரைத் தேக்கி உருவாக்கியது. இன்று நகரின் நடுவே வரும் கோடப்பமந்து கால்வாய் அந்த ஏரியில் வந்து சேர்கிறது. வழியில் கலக்கும் கழிவுநீரும் அதோடு வருகிறது.

குன்னூர்ச் சரிவில் ஓடை பாறைக்குப் பாறை விழுந்து உடைகிறது. ஒவ்வொரு விழுதலிலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கலக்கிறது. அதனால் கொஞ்சம் கழிவு கலந்தாலும் சில கிலோமீட்டரில் ஓரளவு தேறிக்கொள்ளும் வாய்ப்பு ஓடைக்கு உண்டு. ஏரி அசையாமல் கிடக்கிறது. அதற்கு அந்த வாய்ப்புக் குறைவு. கழிவோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அங்கேயே தங்கிவிடுகின்றன. பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அவை உரம். அந்தச் செடிகள் மட்கும்போது மறுபடியும் ஆக்சிஜன் செலவாகிறது. ஓடையில் அழுக்கு ஒரு பருவத்தில் வந்து போகிறது. ஏரியிலோ ஒவ்வொரு பருவத்தின் அழுக்கும் அடியில் படிந்து, அடுத்த பருவத்துக்கும் காத்திருக்கிறது.

மலைக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைத் தாங்கும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். உண்மைதான். ஆனால் உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். 20 டிகிரி வெப்பநிலையில் கடற்கரை ஊரில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் என்றால், உதகையில் சுமார் 7 மில்லிகிராம்தான். குளிரால் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதியை உயரம் எடுத்துக்கொள்கிறது. கோடை வெயில் ஏறும்போது மலை நீருக்குக் கையிருப்பு குறைவு.

‘ஜில்லென்று இருக்கிறது, சுத்தமாகத்தான் இருக்கும்’ என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்த மாணவனும் அதை நம்பியவன்தான். கழிவு வழியாக வரும் நோய்க்கிருமிகள் பலவும் வெயிலில் சூடாகும் நீரைவிடக் குளிர்ந்த நீரில் அதிக நாள் பிழைத்திருக்கும். தெளிவும் குளிர்ச்சியும் கிருமி இல்லை என்பதற்கு அடையாளமல்ல. மஞ்சள் காமாலைக் கிருமியோ டைபாய்டு கிருமியோ நீரின் நிறத்தை மாற்றுவதில்லை.

நாம் அனுப்பும் தண்ணீர் எங்கே போகிறது?

நாட்காட்டியின் கீழே பிள்ளைகள் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். எங்கள் ஓடை குன்னூர் ஆற்றில் சேர்கிறது. குன்னூர் ஆறு மலையிறங்கி மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் கலக்கிறது. உதகை ஏரியின் நீர் காமராஜ் சாகர் அணை வழியாக மாயாறு பக்கம் இறங்குகிறது. மாயாறும் பவானியும் பவானிசாகரில் ஒன்றுசேர்கின்றன. அங்கிருந்து ஈரோடு மாவட்டத்து வயல்களுக்குப் போகிறது. மீதி பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது.

வரைபடத்தைப் பார்த்ததும் ஒருவன் சொன்னான்: “அப்போ நாமதான் டீச்சர் எல்லாருக்கும் மேல் வீடு!” மேல் வீட்டுக்காரர் பால்கனியில் தண்ணீர் கொட்டினால் கீழ் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பருவத்துக்கேற்ப ஆறு மாறுவது எங்கள் மலைக்கு மட்டும் உரியதல்ல. சென்னையில் கூவம், அடையாறு முகத்துவாரங்களைக் கோடையில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும்; கழிவு கடலுக்குப் போக வழியின்றித் தேங்கும். மழை வெள்ளம் வந்து திட்டை உடைத்தால் கொஞ்ச காலம் ஆறு தெளிந்ததுபோல் இருக்கும். டெல்லியில் மழைக்காலம் முடிந்து யமுனையின் ஓட்டம் குறைந்தபின், அக்டோபர், நவம்பரில் வெள்ளை நுரை மிதக்கிறது. 1858-ஆம் ஆண்டு கடுங்கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் இலண்டன் நாடாளுமன்றமே தவித்தது. அதன் பிறகுதான் அந்த நகரத்தின் பெரும் பாதாளச் சாக்கடைத் திட்டம் வேகம் பிடித்தது. அங்கே அதுவரை யாரும் அழுக்கை அறியாமல் இருந்தார்கள் என்றில்லை. கோடை அதை மூக்கருகே கொண்டுவந்து நிறுத்தியது.

இன்னொரு செய்தியும் நாட்காட்டியிலேயே இருந்தது. கோடையில் ஓடைக்கு வரும் அந்தக் கொஞ்ச நீரும் மேலேயுள்ள சோலைகள், புல்வெளிகள், பள்ளத்தாக்குச் சதுப்புகள் தருவது. மழையை உறிஞ்சி வைத்திருந்து மாதக்கணக்கில் கசிய விடுபவை அவை. அவற்றை அழித்தால் கோடை ஓட்டம் இன்னும் குறையும். அதே கழிவு இன்னும் செறிவாகும். காடழிப்பும் நீர் மாசுபாடும் பாடநூலில் தனித்தனிப் பாடங்கள். எங்கள் ஓடையில் அவை ஒரே பாடம்.

உங்கள் பள்ளியில் செய்ய

விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நாங்கள் செய்தவை இவை:

1. ஓட்டம்: பத்து மீட்டர் தூரத்தை அளந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்க விடுங்கள். கடக்கும் நேரத்தைக் குறித்து வேகம் காணுங்கள். அதை ஓடையின் சராசரி அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்குங்கள். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் விடையை 0.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஓட்டத்தைக் குறிக்காமல் மாசை மட்டும் குறித்தால் பாதிப் பதிவுதான்.

2. தெளிவு: உயரமான கண்ணாடிக் குவளையின் அடியில் அச்செழுத்துத் தாளை வைத்து, எழுத்து மறையும்வரை நீரை ஊற்றி உயரத்தை அளங்கள்.

3. மட்கும் கழிவு: மூடியுள்ள கண்ணாடிக் குப்பியைக் காற்றுக்குமிழ் இல்லாமல் நீரால் நிரப்பி, மெத்திலீன் நீலம் சில துளிகள் விட்டு மூடி இருட்டில் வையுங்கள். ஆக்சிஜன் தீர்ந்தால் நீலம் வெளுக்கும். சீக்கிரம் வெளுத்தால் கழிவு அதிகம்.

4. கிருமி: ஊராட்சிகளின் குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டியில் இருக்கும் எச்2எஸ் குப்பியைக் கேட்டு வாங்கலாம். நீர் ஊற்றி வைத்து ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கறுத்த குப்பியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. ஆசிரியரே பிளீச்சிங் கரைசல் ஊற்றி அப்புறப்படுத்த வேண்டும்.

5. பூச்சிகள்: ஓடைக்கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். வாலில் மூன்று மெல்லிய இழைகளோடு தட்டையான பூச்சிக் குஞ்சுகள் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. சேற்றில் சிவப்பு நூல்போன்ற புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஆக்சிஜன் குறைவு. பாட்டில் அந்த நிமிடத்து நீரை மட்டும் காட்டும். பூச்சி பல வாரங்கள் அங்கேயே வாழ்ந்தது; அந்த வாரங்களைச் சேர்த்துக் காட்டும். பார்த்தபின் கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வாங்குங்கள். மழை நாளிலும் மேலே மேகம் கறுத்திருக்கும்போதும் போக வேண்டாம். மலையோடை நிமிடங்களில் பெருகிவிடும். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நிற்கிறதா என்று உள்ளூர்ப் பெரியவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். காலில் புண் உள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள். திரும்பியதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், நாமும் சேர்த்து.

மார்ச் 22 உலக நீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபையும் கூடுகிறது. ஓராண்டுப் பதிவு முடிந்தபின், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் பிள்ளைகளின் நாட்காட்டியை அங்கே வைத்தோம். யாரையும் குற்றம் சொல்லவில்லை. பன்னிரண்டு பாட்டில் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தோம், அவ்வளவுதான். மார்ச் படத்துக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் வெகுநேரம் நின்றார்கள். கசிந்த செப்டிக் டேங்கைச் சரிசெய்தார்கள். சில வீடுகளில் சமையலறை நீருக்கு உறிஞ்சுகுழி வெட்டினார்கள். எல்லாக் குழாய்களும் ஓடையைவிட்டுத் திரும்பிவிடவில்லை. ஆனால் காய்ச்சிய தண்ணீர் நிரப்பிய பாத்திரம் ஒன்று பள்ளி வராண்டாவுக்கு வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் யாரும் இப்போது ஓடையில் குடிப்பதில்லை.

பழைய சார்ட்டைக் கிழித்துவிடலாமா என்று வகுப்பில் கேட்டேன். “வேண்டாம் டீச்சர், திருத்திடலாம்” என்றாள், அழுக்கு எங்கே போகிறது என்று முன்பு கேட்ட அதே மாணவி. எழுந்து போய் ஒரு சொல்லை அடித்து, சிலவற்றைச் சேர்த்தாள். அந்த சார்ட் இன்றும் எங்கள் வகுப்பறையில் இருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறது: ‘நம் ஓடை டிசம்பரில், மழை விட்ட மூன்றாம் நாள், தெளிவாக இருந்தது.’